பனந்தோப்புக்கு விருந்தாளி வந்தால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை ஒன்றாகப் பாடுபடும் தோட்டங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே வெளியூர்க்காரர்களை அழைத்துத் தோட்டத்தைக் காட்டி, சாப்பாடு போட்டு, விளைந்ததை விற்கலாமா என்று சாயல்குடி, உச்சிப்புளி, தொண்டிப் பக்கங்களிலிருந்து பலர் எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

எங்களுக்கு ஆறு ஏக்கர். 140 பனை, இருபது தென்னை, மானாவாரியில் முண்டு மிளகாய், பதினைந்து வெள்ளாடு. ஐயா, அப்பா, நான் மூவரும் தோட்டத்தில்தான் கிடக்கிறோம். ராமேஸ்வரம் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி, "உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். இரண்டு அறை கட்டித் தொடங்கலாமா?
*வாசகர், கடலாடி வட்டம்*

அறையில் தொடங்க வேண்டாம். கட்டடத்துக்குப் போட்ட காசை எடுக்க நாள் தவறாமல் ஆள் வரவேண்டியிருக்கும். நாள் தவறாமல் ஆள் வந்தால் தோட்ட வேலை கெடும். தோட்ட வேலை கெட்ட இடத்தில் வருகிறவர் பார்க்க என்ன இருக்கும்? முதல் இரண்டு வருடம் காலை 6 மணி முதல் 10.30 வரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள், நாளைக்கு ஒரே குழு, 12 பேர், மிஞ்சினால் 15. பத்தரைக்கு மேல் மணல் சுடும், சிறுபிள்ளைகளும் வயதானவர்களும் தாங்க மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெண்களும் அதற்குமேல் அடுப்படியை விட்டு வர முடியாது.

எதைக் காட்டுவது என்பதை மாதம்தான் முடிவு செய்யும். தை, மாசியில் மிளகாய்ப் பறிப்பும் களத்தில் காயவைப்பதும். பங்குனியிலிருந்து ஆனி வரை பதநீர், கருப்பட்டி. சித்திரை, வைகாசி நுங்கு. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும், கொட்டை பொறுக்கிப் பாத்தி கட்டலாம். அந்தப் பாத்தியில் மார்கழி, தையில் கிழங்கு தோண்டலாம். ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதம். மாவட்டத்தில் வருடம் முழுக்கப் பெய்வதே ஏறத்தாழ 800 மில்லிமீட்டர்தான், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மிளகாய்க்குக் களையெடுப்பதும் ஊருணிக் கரை பார்ப்பதும் அப்போதுதான். அந்த இரண்டு மாதமும் யார் கேட்டாலும் "இப்போது இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

மிளகாய்க் களத்தைப் பற்றி ஒன்று. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைப் பார்க்கவென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள். களத்துக்குள் செருப்போடு யாரையும் விடாதீர்கள். காய்கிற பழத்தில் மிதி பட்டால் தோல் வெடித்து விதை கொட்டிவிடும், அந்த வெடிப்பில்தான் பூசணம் ஏறும். களத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, ஓரத்தில் ஒரு சாக்கில் இரண்டு படி மிளகாயைக் கொட்டி வையுங்கள். தொட்டுப் பார்க்கவும் கிலுக்கிப் பார்க்கவும் அது போதும். நன்றாகக் காய்ந்த முண்டு மிளகாயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். தொட்ட கையைக் கண்ணில் வைக்கும் பிள்ளைகளுக்காக அங்கேயே ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் இருக்கட்டும்.

விருந்தினர் வரும்போது பதநீர் சிலநாள் இனிக்கிறது, சிலநாள் புளிப்புத் தட்டுகிறது, சிலநாள் தொண்டையைக் காருகிறது. ஏன்?
*வாசகர், நரிப்பையூர்*

மூன்றும் மரத்தில் கட்டும் கலயத்துக்குள் நடப்பவை. பனையின் பூக்குலையான பாளையிலிருந்து சொட்டும் நீரில் 10 முதல் 12 சதவீதம் சர்க்கரை. காற்றிலும் பழைய கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த மறுநொடியே வேலையைத் தொடங்கிவிடும். அதைத் தடுப்பது சுண்ணாம்பு ஒன்றுதான். சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் காரும்.

கலயத்தை இறக்கியதும் வெந்நீரில் கழுவி, அடியில் ஒட்டியிருக்கும் பழைய சுண்ணாம்புப் பொருக்கைச் சிரட்டைத் துண்டால் சுரண்டி எடுங்கள். ஈஸ்ட் குடியிருப்பதே அந்தப் பொருக்கில்தான். மேலே புதுச் சுண்ணாம்பைப் பூசிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதுதான் பலர் செய்யும் தவறு. கழுவிய கலயத்தை வெயிலில் கவிழ்த்துக் காயவிட்டு, பிறகு நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பைத் தயிர்ப் பதத்தில் கரைத்து, உட்புறம் அடியிலிருந்து பாதி உயரம் வரை மெல்லிய படலமாகச் சுழற்றிப் பூச வேண்டும். அடியில் கட்டியாகத் தேங்கக் கூடாது. சொட்டு அதிகம் விழும் மரத்துக்கும் குறைவாக விழும் மரத்துக்கும் ஒரே அளவு பூசினால் குறைந்த மரத்துப் பதநீர் காரத்தான் செய்யும். மரமேறும் அண்ணனுக்கு எந்த மரம் எவ்வளவு தரும் என்பது மனப்பாடம், அவரிடமே விட்டுவிடுங்கள்.

காலையில் இறக்கியதும் வெள்ளைத் துணியிலோ சுத்தமான பன்னாடையிலோ வடிகட்டி, எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். மேலே தெளிந்ததை அகப்பையால் மொண்டு ஊற்றுங்கள், அடி வண்டலைக் கலக்காதீர்கள். சந்தேகம் வந்தால் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் லிட்மஸ் தாள் போதும். சிவப்புத் தாள் நீலமாக மாறினால் சுண்ணாம்பு இருக்கிறது. நீலத் தாள் சிவந்தால் புளித்துவிட்டது, விருந்தினருக்குக் கொடுக்காதீர்கள். குளிர்ச்சி வேண்டுமென்றால் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் வையுங்கள், பதநீருக்குள் போட வேண்டாம். இறக்கிய மூன்று மணி நேரத்துக்குள் குடித்து முடித்துவிட வேண்டும். மிச்சத்தைப் பிளாஸ்டிக் பாட்டிலில் அடைத்துக் கையில் கொடுத்து அனுப்பவே கூடாது. மதுரை போய்ச் சேர்வதற்குள் பொங்கி மூடி தெறிக்கும்.

இரவில் வௌவால் கலயத்தில் வாய் வைக்கும். விருந்தினருக்குக் கொடுக்கப் போகும் இரண்டு மூன்று மரங்களின் கலய வாயையும் பாளையையும் சேர்த்து நெருக்கமான வலையால் மூடிக் கட்டுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், "இயற்கைதானே" என்று மூன்று டம்ளர் குடித்துவிடுவார்கள்.

சுண்ணாம்பு போடாமல் இறக்கினால் அது கள். தமிழ்நாட்டில் அது தடை செய்யப்பட்டது. "கொஞ்சம் கிடைக்குமா?" என்று கேட்கும் விருந்தாளி வாரத்துக்கு ஒருவராவது வருவார். முகத்துக்காகக்கூட இசையாதீர்கள். மாட்டிக்கொண்டால் அவர் போய்விடுவார், வழக்கு மரமேறியவர் மேலும் தோட்டக்காரர் மேலும்தான்.

வருகிற இளைஞர்கள் பனையில் ஏறிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். பத்தடி மட்டும் ஏறவிடலாமா?
*வாசகர், வாலிநோக்கம்*

கூடாது. பத்தடியிலிருந்து விழுந்தாலும் முதுகெலும்பு போகும். பனையின் உடம்பு அரம் மாதிரி, சறுக்கினால் நெஞ்சுத் தோலும் உள்ளங்கையும் உரிந்துவிடும். காலில் மாட்டும் தளைநாரும் நெஞ்சில் தழும்பேறிய தோலும் பல வருடப் பழக்கத்தில் வருபவை.

ஏறுவதைப் பார்க்க மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். மரத்தடியிலிருந்து 10 மீட்டர் தள்ளி மணலில் ஒரு கோடு. அதைத் தாண்டி யாரும் போகக் கூடாது. காய்ந்த ஓலையான காவோலை எப்போது விழும் என்று சொல்ல முடியாது, அதன் மட்டை ஓரத்தில் கருக்கு கத்திபோல இருக்கும். கச்சான் காற்று வீசும் வைகாசி, ஆனியில் கோட்டை 15 மீட்டராக்குங்கள். நுங்குக் குலையை வெட்டித் தள்ளாமல் கயிற்றில் கட்டி இறக்கச் சொல்லுங்கள். மண்ணில் மோதிய நுங்கு உள்ளே உடைந்து நீர் கலங்கிவிடும், அதனாலும் இதுவே நல்லது.

பாளை சீவுவதை எல்லோரும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் ஒரு வழி உண்டு. பாளை தட்டும்போது கழிக்கும் ஆண்பாளை ஒன்றை நான்கு விரல் தடிப்பில் எடுத்துவந்து, இடுப்பு உயரக் கட்டையில் கட்டி வையுங்கள். கடிப்பு என்ற இடுக்கிக் கட்டையால் இடுக்குவது, நுனியைச் சீவுவது இரண்டையும் தரையில் நின்றே அவர் காட்டலாம். சீவல் அவ்வளவு மெல்லிசாக விழும், விரலில் ஒட்டிக்கொண்டு வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியும். தடிப்பாகச் சீவினால் பாளை சீக்கிரம் தேய்ந்து பருவம் முடியுமுன்னே தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வாய் காய்ந்து நீர் நின்றுவிடும். மெலிசாக, நாள் தவறாமல் என்ற இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தவர் பதநீருக்கு விலை பேசமாட்டார்.

மரமேறுகிறவர் ஏற்கெனவே ஒவ்வொரு மரத்திலும் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறார். விருந்தினருக்காக, போட்டோவுக்காக மூன்றாம் முறை ஏறச் சொல்வது அநியாயம். அவர் வழக்கமாக ஏறும் நேரத்துக்கு விருந்தினர் வரட்டும். அன்றைய கூலிக்கு மேல் விருந்தினர் வருமானத்தில் அவருக்குத் தனிப் பங்கு கொடுங்கள். பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவராக இருந்தால் முதலில் அதைச் செய்து கொடுங்கள்.

கருப்பட்டி காய்ச்சுவதை விருந்தினர் முன்னால் செய்கிறோம். சிலமுறை கட்டாமல் பாகாகவே நின்று மானம் போகிறது.
*வாசகி, சாயல்குடி*

கட்டாமல் போவதற்குப் பெரும்பாலும் அடுப்பைக் குறை சொல்ல முடியாது, பதநீர்தான் காரணம். லேசாகப் புளிக்கத் தொடங்கிய பதநீரில் சர்க்கரை உடைந்துவிடும். அதை எவ்வளவு காய்ச்சினாலும் இழுவையாக, பசையாகத்தான் நிற்கும். விருந்தினர் எட்டு மணிக்கு வருவார்கள் என்று ஆறு மணிப் பதநீரை இரண்டு மணி நேரம் ஆறப்போடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. இறக்கியதும் வடிகட்டி அடுப்பில் ஏற்றி ஒரு கொதி வரவைத்துவிடுங்கள். கொதித்த பிறகு அது தாங்கும். விருந்தினர் வரும்போது பாதி வற்றியிருந்தால் நல்லதுதான். முதல் ஒரு மணி நேரம் வெறும் கொதியைப் பார்த்துக்கொண்டு யாரும் உட்கார மாட்டார்கள்.

கணக்கு இப்படி: 8 முதல் 10 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. விருந்தினர் முன்னால் காய்ச்ச 20 லிட்டர் போதும், அகலமான தாச்சியில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். அதற்கு மேல் வைத்தால் அவர்கள் கிளம்பும்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும்.

விறகுக்குக் காவோலையும் மட்டையும் முதலில், நின்று எரிய வேலிக்கருவைக் கட்டை. கொதி ஏறும்போது நுரை பொங்கி வழிய வரும். அதை அடக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆனால் பச்சை முத்து நஞ்சு. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுவிட்டால் வினையாகும். விருந்தினர் நாளில் நாலைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுங்கள், நுரை தணியும். பழுப்பு நிறம் ஏறி, குமிழி பெரிதாகி 'டொப் டொப்' என்று உடையும்போது தீயைப் பாதியாகக் குறையுங்கள். அடிப்பிடிப்பது இந்தக் கட்டத்தில்தான், ஒரு நிமிடம் கவனம் தப்பினாலும் மொத்தமும் கருகல் வாடை அடிக்கும். துடுப்பை அடிவரை விட்டுக் கிண்டிக்கொண்டே இருங்கள்.

பதம் பார்ப்பதை விருந்தினர் கையில் கொடுங்கள், இதைத்தான் அவர்கள் ஊருக்குப் போய்ச் சொல்வார்கள். ஒரு கிண்ணம் குளிர்ந்த தண்ணீர். அதில் ஒரு சொட்டு. கரைந்து பரவினால் இன்னும் இருக்கிறது. அடியில் நின்று, விரலால் உருட்டினால் இளக்கமான உருண்டையாகத் திரண்டால் அடுப்பிலிருந்து இறக்க வேண்டிய நேரம். இறக்கியபின் ஐந்து நிமிடம் விடாமல் கிண்டி, நனைத்துக் கவிழ்த்து வைத்த சிரட்டைகளை நிமிர்த்தி ஊற்றுங்கள். சிரட்டை காய்ந்திருந்தால் கருப்பட்டி ஒட்டிக்கொண்டு உடைந்து வரும். ஊற்றும்போது பிள்ளைகள் இரண்டு கஜம் தள்ளி நிற்கட்டும். பாகு பட்ட இடத்தில் தண்ணீர்போல வழிந்து போகாது, தோலோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு வாளிக் குளிர்ந்த தண்ணீர் அடுப்போரம் இருக்க வேண்டும்.

சர்க்கரை கலந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அத்தனை பேரும் கேட்பார்கள். உடைத்துக் காட்டுங்கள். உடைத்த இடம் மங்கலாக, நிறம் சீரில்லாமல் இருந்தால் நல்லது. சீனிப் பரல்போல் பளிச்சென்று மின்னினால் சந்தேகப்படலாம். வாயில் போட்டால் சுத்தக் கருப்பட்டி மெதுவாகக் கரையும், இனிப்புக்குப் பின்னால் லேசான உவர்ப்பும் தெரியும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசிவது கலப்படத்தின் அடையாளம் இல்லை, அது காற்றின் ஈரத்தை இழுக்கும். ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேல் பரணில் வைக்கச் சொல்லி அனுப்புங்கள்.

கிணறு முன்பு இனித்தது. விருந்தினர் வரத்தொடங்கி இரண்டு கோடை ஆன பிறகு உவர்க்கிறது. ஆழமாக போர் போடலாமா? கழிப்பறை எங்கே கட்டுவது?
*வாசகர், உச்சிப்புளி*

போர் போடாதீர்கள். வந்த கடிதங்களில் எங்களை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான்.

நம் கடலோர மணலுக்கு அடியில் நன்னீர் ஒரு மெல்லிய தட்டுபோல உப்புநீர் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புநீர் கனம் அதிகம், நன்னீர் கனம் குறைவு. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கவிட்டால் காலப்போக்கில் கீழே உப்பு 40 அடி மேலேறி வரும். ஆழமாகப் போர் போட்டு மோட்டாரை ஓடவிட்டால் குழாய் நேராக உப்பைத்தான் உறிஞ்சும். ஒருமுறை ஏறிய உப்பு நல்ல மழை இரண்டு மூன்று வருடம் பெய்தால்தான் இறங்கும்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. பதநீர், நுங்கு என்று விருந்தினர் வரும் மாதங்களும் நீர்மட்டம் ஒட்டிக் கிடக்கும் மாதங்களும் ஒன்றே. ஆகவே எத்தனை பேரை அழைப்பது என்பதைப் போன் அழைப்புகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கிணற்றைக் கேளுங்கள். ஒரு கயிற்றில் அரை அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல் கட்டிக் கிணற்றோரம் தொங்கவிடுங்கள். காலை ஐந்தரைக்கு நீர் எந்த முடிச்சில் நிற்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். விருந்தினர் வந்துபோன மறுநாள் காலை அதே முடிச்சுக்கு ஏறவில்லையென்றால் நீங்கள் எடுத்தது அதிகம், அடுத்த குழுவைக் குறையுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, நீரில் கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டரால் அளந்து அதையும் எழுதுங்கள். குடிநீருக்கு இந்தியத் தரக் கணக்கில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை. எண் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போனால் நாக்குக்குத் தெரியும் முன்னே நோட்டு சொல்லிவிடும்.

பகல் விருந்தினர் ஒருவருக்குக் கை கால் கழுவ, கழிப்பறைக்கு, பாத்திரம் விளக்க எல்லாம் சேர்த்து 25 லிட்டர். இரவு தங்கிக் குளிப்பவருக்கு 100 லிட்டரைத் தாண்டும். முதல் பதிலில் அறை வேண்டாம் என்று சொன்னதற்கு இதுவும் காரணம். ஐந்து குதிரைசக்தி மோட்டாரை அரை மணி ஓட்டுவதைவிட, அரை குதிரைசக்தி மோட்டாரை விட்டு விட்டு ஓட்டி மேல்தொட்டி நிரப்புவது நல்லது. மெதுவாக எடுத்தால் உப்பு மேலே குவிந்து வராது. குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரைப் பிடித்து வையுங்கள். கிணற்று நீர் மற்றதற்கு இருக்கட்டும்.

கழிப்பறை கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர். களிமண் நிலத்தில் 15 மீட்டர் போதும் என்பார்கள். மணலில் கழிவுநீர் வடிகட்டப்படாமல் வேகமாக ஓடிவிடும், அதனால்தான் இரட்டிப்பு. அதோடு நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறதோ, பெரும்பாலும் கடல் பக்கம், அந்தப் பக்கமாகக் கிணற்றைத் தாண்டிக் கட்ட வேண்டும். உறைக் குழி போட்டு மணலில் இறங்கவிடும் முறை இங்கே ஆகாது. அடியும் சுவரும் பூசிய இரண்டு அறைத் தொட்டி கட்டி, வழியும் நீரை வாழையும் கல்வாழையும் நட்ட பாத்திக்கு விடுங்கள். மேலும், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் நிலம் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை விதிகள் பொருந்தும். கழிப்பறையோ கொட்டகையோ ஒரு செங்கல் வைக்குமுன் ஊராட்சியில் கேட்டுவிடுங்கள்.

அப்பத்தா ஓலைப்பெட்டி முடைகிறது. அம்மாவும் சித்தியும் சமைக்கிறார்கள். பட்டா அப்பா, பெரியப்பா, சித்தப்பா மூன்று பேர் பேரில் கூட்டாக இருக்கிறது. பெரியப்பா சென்னையில். வரும் காசை எப்படிப் பிரிப்பது? இப்போதே மனஸ்தாபம்.
*பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி, திருப்புல்லாணி அருகே*

உழைப்புக்கு உண்டான காசையும் நிலத்துக்கு உண்டான காசையும் ஒரே டப்பாவில் போட்டதுதான் மனஸ்தாபத்துக்குக் காரணம். முதலில் உழைத்தவருக்கு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். நிலத்துப் பங்கு அதற்குப் பிறகு.

ஒரு மாதிரிக் கணக்கு: 15 பேர், ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 6,000. சாப்பாட்டுச் சாமானுக்கு 2,200. அம்மாவுக்கும் சித்திக்கும் ஆளுக்கு 500. மரமேறியவருக்கு 600. அப்பத்தாவுக்கு 400. இவ்வளவும் மாலைக்குள் அவரவர் கையில். மிச்சம் 1,800. அதில் 600 கிணறு, கழிப்பறை, வேலி பராமரிப்புக்கு. 1,200-ஐ பட்டாதாரர் மூவருக்கு நானூறு நானூறாக. பெரியப்பா சென்னையில் இருந்தாலும் அவர் நிலப்பங்கு அவருக்குப் போகட்டும். "இங்கே வந்து ஒரு நாள் நின்றாரா?" என்ற பேச்சுக்கே இடம் இருக்காது, நின்றவர்களுக்குத்தான் முதலிலேயே கொடுத்தாயிற்றே. ஓலைப்பெட்டி விற்ற காசு முழுக்க அப்பத்தாவுக்கு மட்டும், பொதுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இதை ஒரு தாளில் எழுதி மூன்று அண்ணன் தம்பிகளும் கையெழுத்துப் போடட்டும். கூட்டுப் பட்டா நிலத்தில் கடனோ, மானியமோ, கட்டட அனுமதியோ கேட்கும்போது எல்லார் கையெழுத்தும் வேண்டியிருக்கும். கருப்பட்டி, மிளகாய்த்தூள், சாப்பாடு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவும் வேண்டும். யார் பேரில் எடுப்பது என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

அப்பத்தாவை ஒரே நாளில் மூன்று தடவை "இன்னொரு தடவை முடைஞ்சு காட்டுங்க" என்று உட்கார வைக்காதீர்கள். அது களைத்தாலும் வந்தவர் முகத்துக்காகச் சொல்லாது. ஒரு குழுவுக்கு அரை மணி, அவ்வளவுதான். குருத்தோலையை முதல் நாளே வாரி நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது முறியாது.

மீன்பிடித் தடைக்காலத்தில் விருந்தினர் மீன் கேட்கிறார்கள்.
*வாசகி, மூக்கையூர்*

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத்தான் தடை. நாட்டுப்படகு மீன் கிடைக்கும், விலை கூடுதல். அன்றைக்குக் கரைக்கு வந்ததைச் சமைப்போம் என்று மட்டும் சொல்லுங்கள், இன்ன மீன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வராத நாளில் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, குதிரைவாலிச் சோறு. குறை சொல்லி யாரும் எழுந்து போனதில்லை.

பக்கத்துத் தீவுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். சங்கு, பவளம் பொறுக்கலாமா என்றும் கேட்கிறார்கள்.
*வாசகர், கீழக்கரை*

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளப்பாறை, கடல்குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, கரையில் செத்துக் கிடந்த பவளத்துண்டைப் பையில் போட்டாலும் வழக்குத்தான். படகில் போக ஆசைப்படுகிறவர்களைத் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்கு அனுப்புங்கள். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறையே ஊர்க்காரர்களை வைத்துப் படகு விடுகிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பனங்கிழங்கு தோண்டக் காட்ட ஆசை. பாத்தி எப்படிப் போடுவது? பாம்பு பயமும் இருக்கிறது.
*வாசகர், பெரியபட்டினம்*

நல்ல யோசனை. ஆவணியில் விழும் பழத்தைக் குவித்து, சதை அழுகியதும் கொட்டையைப் பிரித்தெடுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. இளக்கமான மணலை ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்கு மேடாகக் கூட்டி, மேலே கொட்டைகளை இடைவெளியில்லாமல் நெருக்கி அடுக்கி, நாலு விரல்கடை மணல் போட்டு மூடுங்கள். முளை கீழ்நோக்கி இறங்கி, அந்த இரண்டடி மணலுக்குள்தான் கிழங்கு பருக்கும். மணல் இறுகியிருந்தாலோ அடியில் களி இருந்தாலோ கிழங்கு கோணிக் குட்டையாகிவிடும். வடகிழக்கு மழையே தண்ணீருக்குப் போதும். எலியும் காட்டுப்பன்றியும் தோண்டாமல் சுற்றிலும் கருக்குமட்டை நட்டுவையுங்கள்.

மார்கழிக் கடைசி முதல் தை முடிய, குருத்து விரியுமுன் தோண்ட வேண்டும். ஓலை விரிந்துவிட்டால் கிழங்கு நாராகிவிடும். பிள்ளைகள் கையில் மண்வெட்டி கொடுக்காதீர்கள், வெட்டுப்படும். பாத்தியின் ஒரு பக்கச் சுவரை நீங்கள் சரித்துவிட்டால் கிழங்குகள் வரிசையாக நிற்பது தெரியும், பிள்ளைகள் கையாலேயே மணலைத் தள்ளி உருவிக்கொள்வார்கள். கொட்டையை இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் தவுனைத் தின்னக் கொடுங்கள். அறுபது பிள்ளைகளுக்கு நூறு கிழங்காவது இருக்கட்டும், கையில் ஒன்று கொண்டுபோகவும் வேண்டுமே.

பாம்பு விஷயத்தில் உங்கள் பயம் நியாயமானது. சுருட்டை விரியன் நம் மணற்பாங்கில் சாதாரணம். அது ஒண்டுவது காவோலைக் குவியலிலும் மட்டை அடுக்கிலும்தான். பிள்ளைகள் நடக்கும் வழியிலிருந்து அந்தக் குவியல்களை ஒரு வாரம் முன்பே அகற்றுங்கள். அன்று காலை அகற்றினால் கலைந்த பாம்பு வழியில் கிடக்கும். எல்லோருக்கும் மூடிய ஷூ. கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், பட்ட காலை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு. வழியில் வேறெங்கும் நிறுத்தக் கூடாது.

கார் நிறுத்த இடமில்லை. சாலையோரம் ஆறு பனையை எடுத்தால் பத்து வண்டி நிற்கும். அனுமதி தேவையா?
*வாசகர், ஏர்வாடி அருகே*

தேவை. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்தது. ஆனால் அனுமதி கிடைத்தாலும் வெட்டாதீர்கள். ஒரு பனை பாளை விட 15, 20 வருடம் ஆகும். உங்கள் ஐயா நட்டதில் நீங்கள் பதநீர் குடிக்கிறீர்கள். அதைப் பார்க்கத்தான் அந்தப் பத்து வண்டியும் வருகிறது.

வண்டிகளைக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கெட்டித் தரை உள்ள இடத்தில் நிறுத்தச் சொல்லி, கடைசி 200 மீட்டர் நடந்து வரட்டும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் ஒரு வண்டி உள்ளே. மணலில் சக்கரம் புதைவதுதான் உங்கள் தொல்லை என்றால், தடத்தில் கருக்கைச் சீவிய பழைய மட்டைகளைக் குறுக்கே நெருக்கி அடுக்கி, மேலே ஒரு விரல்கடை செம்மண் போட்டு நனைத்து மிதித்துவிடுங்கள். ஒரு பருவம் தாங்கும். அடுத்த மழைக்குப் பிறகு, உளுத்த மட்டைகளை மட்டும் மாற்றினால் போதும்.